புல் ஏறிய வரப்பு

வட்ட வேளாண்மை அலுவலகத்தின் வாசலில், கதவுக்கு வலப்பக்கமாக ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை அதற்குள் இரண்டு தாள்களை ஒட்டுவார்கள். வெள்ளைத் தாளில் அரசு மானியம் பெறுகிறவர்களின் பெயரும், எத்தனை ஏக்கர் பயிரிட்டார்கள், அதற்கு எவ்வளவு தரப்பட்டது என்ற விவரமும் இருக்கும். மஞ்சள் தாளில் வெறும் பெயர்கள்தான். பயிரிடாத நிலத்துக்கும் சேர்த்து மானியம் கேட்டவர்கள் அவர்கள். மஞ்சளில் ஏறினால் மூன்று ஆண்டுக்கு மானியம் நிற்கும். ஆனால் வட்டத்தில் யாரும் அந்த மூன்று ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை. "மஞ்சள்ல ஏறிட்டான்" என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படாது.

பெரியவருக்கு எழுபத்துமூன்று வயது. கடப்பாரையை விழுங்கியவர்போல நிமிர்ந்து நடப்பவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கடப்பாரை என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். வளையாத பொருளின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள் என்று உள்ளூரப் பெருமைதான். தாள் ஒட்டும் நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நிற்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முதலில் மஞ்சளைப் படிப்பார். பிறகு வெள்ளையில் தன் பெயரைப் பார்ப்பார். அதற்கு அடுத்த வரியில் இருக்கும் பெயரை மட்டும் கண் தாண்டிவிடும். படித்து முடித்ததும் எதிர்த்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மஞ்சள் பெயர்களை ஒப்பிப்பார். சென்ற ஆண்டு பால்காரர் பெயர் அதில் இருந்தது. மாட்டுக் கொட்டகை போட்ட இடத்தையும் பயிர் நிலமாகக் காட்டிவிட்டார் அந்த மனிதர். அன்றிலிருந்து பெரியவர் வீட்டில் அவரிடம் பால் வாங்குவதில்லை. மருமகள் காலையில் கால் மணி நேரம் நடந்து வேறிடத்தில் வாங்கி வந்தாள். பால் தம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு வைப்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தையும் விண்ணப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கேட்ட பரப்புக்கும் உழுத பரப்புக்கும் இடையே வேறுபாடு தெரிவதாகவும், வியாழக்கிழமை பத்து மணிக்கு சர்வேயர் நேரில் வந்து அளப்பார் என்றும், நூற்றுக்கு ஐந்துக்குமேல் குறைந்தால் பெயர் வெளியிடப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது.

பெரியவர் இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார். அவர் வீட்டு நிலம் பத்திரப்படி பதினாறு ஏக்கர். அப்பா காலத்திலும் பதினாறு, அவர் காலத்திலும் பதினாறு. ஆண்டுதோறும் மருமகள் கணினி முன் உட்கார்ந்து "எத்தனை ஏக்கர் மாமா?" என்று கேட்பாள், சாய்வு நாற்காலியிலிருந்து அவர் "பதினாறு" என்பார். நிலம் என்ன, காற்றில் கரைகிற சூடமா?

"வந்து அளக்கட்டும்" என்றார். "நம்மளை அளக்கறதுக்கு அவங்க கொடுத்து வச்சிருக்கணும்."

மகன்தான் சிரிக்கவில்லை. அன்று மாலை அவன் தன் கைபேசியில் அந்த வானத்துப் படத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினான். சோளத்தட்டை அறுத்த நிலம் பழுப்பாகத் தெரிந்தது. கிழக்கு ஓரத்தில், அவர்கள் நிலத்துக்கும் பக்கத்து மேட்டுக்காரர் நிலத்துக்கும் நடுவே, வடக்கிலிருந்து தெற்குவரை பச்சையாக ஒரு பட்டை ஓடியது. புல்லும் புதருமாக, நடுநடுவே முள்மரங்களுடன், ஒரு நெடுஞ்சாலையை உருட்டி விரித்துப் போட்டதுபோல இருந்தது.

"இது என்னப்பா, இவ்வளவு அகலமா?" என்றான். "இதுல நம்ம பக்கம் எவ்வளவுன்னு தெரியல. நாளைக்கு ஒரு நாள் இருக்கு. டிராக்டரை இறக்கி ஓட்டிட்டா வியாழக்கிழமை அளக்கும்போது..."

பெரியவர் அவனை முடிக்கவிடவில்லை. "அளக்க வர்றவங்க வரும்போது நிலம் எப்படி இருக்கோ, அப்படியே இருக்கட்டும். அந்தப் புல்லுல உங்க தாத்தா கலப்பை வைக்கல, நான் வைக்கல. நீயும் வைக்க மாட்டே."

மகன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

நாற்பத்தோரு ஆண்டுக்கு முன் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், நூறு பேர் நடுவில், மேட்டுக்காரர் எழுந்து நின்று ஒரு சொல் சொன்னார். அப்போது அவர் முப்பத்துநாலு வயது இளைஞர். பெரியவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தோழர். உறவு எதுவும் இல்லாமலே மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அன்று அவர் சொன்னது, "அவங்க கலப்பை எங்க மண்ணுல ஒரு சால் இறங்கியிருக்கு." அந்த ஒரு வாக்கியத்தில் மானம் கப்பலேறிவிட்டது. பெரியவரின் அப்பா கூட்டத்தைவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் விடிந்ததும் டிராக்டரில் ஏறி, கிழக்கு ஓரத்திலிருந்து நான்கு எட்டு உள்ளே தள்ளி முதல் உழவுச் சால் ஓட்டினார். அந்த நான்கு எட்டில் புல் முளைத்தது. "இனிமே அந்தப் பக்கம் புல் வந்த இடம் நமக்கு வேண்டாம். நாளைக்கு ஒருத்தன் வந்து ஒரு பிடி மண்ணு எடுத்தேன்னு சொல்லக்கூடாது" என்றார். அதுவே வீட்டு வழக்கமாயிற்று. கூடவே இன்னொரு வழக்கமும் வந்தது. கிழக்கு ஓரத்தில் கடைசிச் சால் ஓட்டும்போது முகத்தை மேற்கே திருப்பிக்கொள்வது. பெரியவர் அப்படித்தான் ஓட்டினார். மகனும் கேள்வி கேட்காமல் அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டான். கழுத்து நோகும், அவ்வளவுதான்.

புல் சும்மா இருக்குமா? ஆண்டுக்கு அரைச் சாண் நகரும். புல் வந்த இடத்தைத் தொடாதவர்கள் ஆண்டுக்கு அரைச் சாண் பின்வாங்கினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் கண்ணுக்கு அது எங்கே தெரியும்?

வியாழக்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சர்வேயர் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குள்ளமான, அதிகம் பேசாத பெண்மணி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மூன்று கால் கருவி ஒன்று, எஃகு நாடா ஒன்று, இடுப்பில் ஒரு பழைய துணி. மருமகள் தேநீர் நீட்டினாள். "அளந்து முடிச்சப்புறம் குடிக்கிறேம்மா. இப்போ குடிச்சா ஒரு அடி கூட வந்துடும்" என்றார் சிரிக்காமல். தண்ணீர்கூடத் தன் புட்டியிலிருந்துதான் குடித்தார். பெரியவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டு.

"ஐயா, முதல்ல கிழக்குப் பக்கம்" என்றார் சர்வேயர். "ரெண்டு வீட்டுக்கும் இன்னைக்குத்தான் அளவு. நடுவுல எல்லைக்கல் இருக்குன்னு வரைபடத்துல இருக்கு. கல்லைப் பார்த்தாத்தான் நான் நாடாவைப் பிரிப்பேன்."

அப்போதுதான் பெரியவர் நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். புல்பட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு மடக்கு நாற்காலியில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி மேட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. தலை முழுக்க நரைத்து, தோள் ஒடுங்கிப் போயிருந்தது. நாற்பத்தோரு ஆண்டாக வெள்ளைத் தாளில் கண் தாண்டிப்போன அடுத்த வரி அது.

சர்வேயர் பட்டையின் நடுவில் போய் நின்றார். நாடாவைப் பிடித்து, இந்த உழவின் விளிம்பிலிருந்து அந்த உழவின் விளிம்புவரை அளந்தார். இருபத்துமூன்று மீட்டர். எழுதிக்கொண்டு கேட்டார்: "இது யார் இடம்?"

"எங்க இடம்" என்றார் பெரியவர். "முழுக்க எங்க அப்பா விட்டுக் கொடுத்தது. கல் அந்தக் கோடியில, அவங்க உழவு ஓரத்துல இருக்கும்."

அந்தப் பக்கத்திலிருந்து கைத்தடி ஒருமுறை தரையைத் தட்டியது. "அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க. இதுல பெரும்பங்கு நாங்க விட்ட இடம். கல் அவங்க உழவுப் பக்கமாத் தள்ளி இருக்கும்."

"விட்டவங்க யாருன்னு ஊருக்கே தெரியும்னு சொல்லுங்கம்மா."

"ஊரைக் கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. கல்லைக் கூப்பிடுங்க."

இருவர் காதும் நன்றாகவே கேட்கும். இருபத்துமூன்று மீட்டர் ஒரு பேச்சுக்குத் தூரமே இல்லை. ஆனாலும் சர்வேயர் தபால்காரர்போல இங்கும் அங்கும் தலையைத் திருப்ப வேண்டியதாயிற்று. பிறகு குறிப்பேட்டை மூடிவிட்டு, இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ஐயா, ரெண்டு பேரும் ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது உங்க இடம்னா, உழாத இடத்துக்கு மானியம் வாங்கியிருக்கீங்கன்னு அர்த்தம். யாரு பங்கு அதிகமோ அவங்க தப்பு அதிகம். மஞ்சத் தாள் தெரியுமில்ல?"

ஒரு குருவி புதரிலிருந்து எழுந்து பறந்தது. கண்ணாடிப் பலகையும், மஞ்சள் தாளும், அதில் தன் அப்பாவின் பெயரோடு சேர்ந்த தன் பெயரும் பெரியவர் கண்முன் வந்து நின்றன. இல்லை, அவ்வளவும் அவர்கள் விட்ட இடம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், கல் கிடைக்கும்வரையாவது தலை தப்பும். மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க இடம்தான்" என்றார் பெரியவர்.

"எங்க இடம்" என்றார் மேட்டுக்காரர்.

சர்வேயர் முதல் தடவையாகச் சிரித்தார். "இருபது வருஷமா அளக்கறேன். மண்ணு என்னுதுன்னு வெட்டுக்குத்து வரைக்கும் பார்த்தாச்சு. தப்பு என்னுதுன்னு அடிச்சுக்கறவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன். மண்வெட்டி இருக்கா தம்பி?"

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்து, அவர் காட்டிய இடத்தில் மகன் முள்ளை வெட்டினான். புல்லின் வேர் கம்பளம்போலக் கனத்திருந்தது. முழங்கை ஆழம் தோண்டியும் ஒன்றும் இல்லை. சர்வேயர் தானே குனிந்து, பூட்ஸ் சேற்றில் புதைய, ஒரு கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார். பத்தாவது குத்தில் டக்கென்று ஓசை வந்தது. வடக்குக் கோடியில் ஒரு கல். பிறகு தெற்குக் கோடியிலும் அதற்கு நேராக ஒன்று. இடுப்புத் துணியால் கல்லின் தலையைத் துடைத்தார். மேலே வெட்டியிருந்த கூட்டல் குறி அப்படியே இருந்தது. நாடாவையும் அதே துணியால் துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் அளந்தார். அந்தப் பக்கம் அளந்தார். திரும்பவும் முதலிலிருந்து இரண்டையும் அளந்தார்.

"உங்க பக்கம் ஒன்பது மீட்டர் ஐயா" என்றார். "அவங்க பக்கம் பதினாலு."

பெரியவர் கல்லையே பார்த்தார். கேட்டது காதில் விழுந்தது, தலைக்குள் இறங்கவில்லை. நாம் விட்டோம், அவர்கள் விழுங்கினார்கள் என்பது அந்த வீட்டில் பேசுவதற்கே அவசியமில்லாத உண்மை. பெண் பார்க்க வந்தவர்களிடமும், சம்பந்தம் பேச வந்தவர்களிடமும், எத்தனையோ இடத்தில் அதை அவர் சொல்லியிருக்கிறார். இப்போது ஒரு கல், முழங்கை ஆழத்திலிருந்து தலையை நீட்டி, பதினாலு என்கிறது. மேட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெற்றியில் ஒரு இளிப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தார். மேட்டுக்காரர் கைத்தடியின் பிடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மற்ற மூன்று பக்கத்தையும் அளந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு ஓரத்தையும் சர்வேயர் இரண்டு முறை நடந்தார். கருவி ஒரு எண்ணைச் சொன்னாலும் நாடாவும் அதையே சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பின்னாலேயே நடந்த பெரியவருக்கு, மனம் கிடந்த கிடப்பிலும், அந்த நடை பிடித்திருந்தது. ஒரு இடத்தில் வாய்க்காலுக்கு இப்பால் கால் மீட்டர் அவருக்குச் சாதகமாக விழுந்தது. இன்னோர் இடத்தில் பாதகமாக விழுந்தது. இரண்டையும் ஒரே முகத்தோடு எழுதினார் அந்தப் பெண்மணி. இப்படி ஒருத்தி என் வீட்டில் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மேட்டுக்காரர் நிலத்தையும் அதேபோல அளந்துவிட்டு வந்து சர்வேயர் கணக்குப் போட்டார். கடைசியில் பெரியவரின் உழவு நிலம் பதினைந்து ஏக்கரும் சிறிதும் வந்தது. பதினாறுக்கு முக்கால் ஏக்கருக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. நூற்றுக்கு ஐந்தரை.

"ஐந்துக்குமேல" என்றான் மகன் மெதுவாக.

"ஆமாம் தம்பி."

பெரியவர் முதுகை வளைக்கவில்லை. ஆனால் கை பக்கத்திலிருந்த வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டது. பால்காரரின் நினைவு வந்தது. கொட்டகை போட்ட இடம். தேநீர்க் கடையில் தான் உரக்கப் படித்தபோது அந்த மனிதர் பால் கேனின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தது.

மருமகள்தான் அப்போது பேசினாள். கடிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை நேற்று இரண்டு முறை படித்திருந்தாள். "அம்மா, அளவுத் தாள்ல நீங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள, விண்ணப்பம் போட்டவங்களே வந்து தப்பைத் திருத்திக்கிட்டா பேர் போடமாட்டாங்கன்னு இருக்கே?"

"இருக்கு" என்றார் சர்வேயர். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "நாலு மணிக்கு அலுவலகத்துல நான் கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள கொடுக்கணும். அதிகமா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். ரெண்டு விஷயம். காரணத்தைத் தன் கையால எழுதணும். எல்லையை ஒட்டி இருக்கறவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்." கிழக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க அளந்தப்பவே அந்த ஐயாவுக்கும் இதே படிவம் கொடுத்துட்டேன். அவங்களுக்கும் ஐந்துக்குமேல" என்று சேர்த்தார்.

எல்லையை ஒட்டி இருப்பவர். வட்டம் முழுவதும் தேடினாலும் அதற்கு ஒரே ஆள்தான்.

மகன் தான் போய் வாங்கி வருவதாகச் சொன்னான். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வேறு எவரையும் அனுப்பிக் கையெழுத்து வாங்கினால், அது மஞ்சளில் ஏறுவதைவிடக் கேவலம் என்று அவருக்குப் பட்டது. வண்டியின் மூடியில் படிவத்தை விரித்து, பேனாவை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் நான்கே வரி இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுதினார்: 'புல் வந்த இடத்தை உழுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த இடத்தைக் கழிக்காமல் பத்திரத்தில் உள்ளதையே சொல்லி வந்தேன். என் மகனுக்கோ மருமகளுக்கோ இதில் பங்கில்லை. தவறு என்னுடையது.' எழுத்து படிவத்தின் கோட்டைத் தாண்டவில்லை.

பிறகு புல்லில் கால் வைத்தார்.

அப்பா நான்கு எட்டுப் பின்வாங்கிய நாளிலிருந்து அந்தப் பட்டையில் அவர் கால் பட்டதில்லை. புல் முழங்காலுக்கு வந்தது. செருப்புக்குள் விதை ஒட்டியது. ஏதோ பூச்சிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து எழுந்து அமர்ந்தன. கல்லைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். அதற்கு அப்பால் நடந்த பதினாலு மீட்டர், முன்னால் நடந்த ஒன்பதைவிட நெடுநேரம் எடுத்தது.

மேட்டுக்காரர் எழ முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

"எழுந்திருக்க வேண்டாம்" என்றார் பெரியவர். படிவத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்து வேணும்."

மேட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. தவறு என்னுடையது என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு பேசினார்.

"நான் அன்னைக்குச் சங்கத்துல சொன்னது தப்பு."

பெரியவர் அந்த விரலையே பார்த்தார்.

"மறுநாளே கம்பியை எடுத்துட்டு வந்து கல்லைத் தேடிப் பார்த்தேன். உங்க கலப்பை எங்க பக்கம் ஒரு விரக்கடைகூட வரல. நான் பார்த்தது எங்க ஆள் கோணலா ஓட்டின சாலு. உங்க அப்பா அதுக்குள்ள நாலு எட்டுப் பின்னால போயிட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்து சொல்லணும்னு உங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். வாய் வரல. நூறு பேர் முன்னால சொன்னதை நூறு பேர் முன்னாலதானே திருப்பி எடுக்கணும்? அந்தத் தைரியம் இல்ல. அவரு நாலு எட்டுப் போனாருன்னா, நான் அதுல ரெண்டு மடங்குக்கு மேல போறேன்னு ஏரை இழுத்துட்டேன். அப்புறம் அவரு வழக்கம்தான் எனக்கும். புல் வந்த இடத்தைத் தொடல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா அது தண்டனையா இருக்காதே."

பெரியவர் புல்லைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தோரு விதைப்பு. ஒவ்வொன்றிலும் விளையக்கூடிய ஓர் ஏக்கரை, ஒரே ஒரு சொல்லுக்கு ஈடாக இந்த மனிதர் மண்ணில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பெற்றுக்கொள்ள வேண்டியவர்களோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உழுதிருக்கிறார்கள். தன் வீட்டில் இப்படி ஒருவர் தண்டம் கட்டியிருந்தால், அதை ஊரெல்லாம் சொல்லித் தீர்த்திருப்போம் என்று நினைத்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அது உண்மை. அதைவிடப் பெரிய மரியாதை அவருக்குச் செய்யத் தெரியவில்லை.

மேட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். தன் படிவத்தை நீட்டினார். அதில் காரணம் என்ற இடத்தில், 'வாய் தவறியதற்குக் கலப்பையைப் பின்வாங்கினேன். விண்ணப்பத்தில் பின்வாங்க மறந்தேன்' என்று எழுதியிருந்தது. பெரியவர் அதைப் படித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்திட்டார்.

"இந்த முழங்காலோட நாலு மணிக்குள்ள எப்படிப் போறது?"

"எங்க வண்டியில இடம் இருக்கு" என்றார் பெரியவர்.

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால உரமூட்டை இருக்கு மச்சான். நீ முன்னாலதான் உக்காரணும்."

அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்காதவர்கள்போல இருந்துவிட்டார்கள்.

அலுவலகத்தில் மணி மூன்றரை. எழுத்தர் இரண்டு படிவங்களையும் வாங்கி முத்திரை குத்தினார். திருப்பிக் கட்ட வேண்டிய தொகையைத் தவணையாகக் கட்டலாம் என்றார். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். சர்வேயர் தன் மேசையில் உட்கார்ந்து, அப்போதுதான் தேநீரைக் கையில் எடுத்திருந்தார். சுவரில் இருந்த கடிகாரம் நாலு அடித்ததும் அளவுத் தாளில் கையெழுத்திட்டார். மஞ்சள் கோப்பைத் திறக்காமல் ஒதுக்கி வைத்தார்.

"இன்னும் ஒரு விஷயம் இருக்கு ஐயா" என்றார். "உழாம விட்ட புல் வரப்புக்குத் தனியா ஒரு மானியம் உண்டு. தேனீ, பறவைக்கெல்லாம் நல்லதுன்னு. இருபது மீட்டருக்கு மேல அகலம் இருக்கணும், ஒரே பேர்ல கேட்கணும். உங்க ரெண்டு பேர் பட்டையும் சேர்ந்தா தாராளமா வருது. வட்டத்துலேயே இவ்வளவு அகலமான வரப்பு நான் பார்த்ததில்ல. யார் பேர்ல போடட்டும்?"

"அவங்க பேர்ல போடுங்க" என்றார் பெரியவர். "பதினாலு மீட்டர் அவங்களுது."

"முதல்ல பின்வாங்கினது அவங்க அப்பா" என்றார் மேட்டுக்காரர். "அவங்க பேர்லதான் போடணும்."

எழுத்தர் பேனாவோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயர் தேநீரைக் குடித்து முடித்தார். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை.

மறுவாரம் பெரியவர் வீட்டில் பழையபடி அந்தப் பால்காரர் வந்து பால் ஊற்றினார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மருமகள் தம்ளரை ஓசையில்லாமல் வைத்தாள். விதைப்புக் காலத்தில் மகன் கிழக்கு ஓரத்தில் கடைசிச் சால் ஓட்டும்போது, எதிரே மேட்டுக்காரர் மகன் தன் கடைசிச் சால் ஓட்டிக்கொண்டிருந்தான். இருவரும் முகத்தைத் திருப்பவில்லை. நடுவே புல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

புதிய தாள்கள் ஒட்டிய அன்று பெரியவர் சலவைச் சட்டையோடு பலகைக்கு முன்னால் போய் நின்றார். மஞ்சளை விட்டுவிட்டு வெள்ளைக்குப் போனார். தன் பெயருக்கு எதிரே பதினைந்து ஏக்கரும் சிறிதும் இருந்தது. அடுத்த வரியையும் படித்தார். பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அந்த அடுத்த வரியில் இருப்பவர் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரு மணி நேரம் சொன்னார்.

வட்டத்தின் பதிவேட்டில் அந்தப் புல் வரப்புக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நீளம், அகலம், இரண்டு எல்லைக்கற்கள், எல்லாம் சர்வேயர் கையெழுத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மானியம் பெறுபவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. ஆண்டுதோறும் எழுத்தர் இரண்டு வீட்டுக்கும் கடிதம் போடுகிறார். இரண்டு வீட்டிலிருந்தும் மற்றவர் பெயரை எழுதிப் பதில் வருகிறது.